இருபத்து மூன்று கையெழுத்துகள்

நகராட்சி ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மனுவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இந்த இருபத்து மூணு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சாங்களா? எல்லாம் ஒரே கையா இருக்கு."

மைக் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தையல் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்கு அந்தக் குரல். அந்தக் குரலால் அந்தப் பெயர்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நகராட்சியின் அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. படிப்பை விட்ட பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து தனித்தேர்வுக்குப் படிக்க அதைக் கேட்டு, பதினொரு மாதமாக மைக் அக்கா நடக்கிறாள். ஒன்பதாவதோடு நின்ற எனக்கும் அதுதான் வழி. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே அறை. புத்தகத்தை விரித்தால் அதன்மேல் யாராவது காலை நீட்டுவார்கள்.

அறுபது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அக்கா என்னைத்தான் அனுப்பினாள். எழுதத் தெரியாத இருபத்து மூன்று பேர் கைநாட்டு வைக்க மாட்டோம் என்றார்கள்.

"விரல்ல மையோட போனா வேலை செய்யற இடத்துல சிரிப்பாங்கடி. நீயே போட்டுடு கண்ணு."

மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. போட்டேன். அம்மாவுக்கும் நானே போட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் அழகாக விழுந்திருந்தது.

"அவங்கவங்க கைநாட்டை வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்," என்றார் கிளார்க். "இல்லேன்னா அந்த ரூம் குடோனுக்குக் கேட்டவருக்குப் போயிடும்."

பஸ்ஸில் மைக் அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நானும் பார்க்காமத்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன்," என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மை டப்பாவோடு மறுபடி நான்கு மாடி ஏறினேன். "அக்கா, நான் போட்டது தப்பாயிடுச்சு." ஒவ்வொரு வாசலிலும் அதே வரி. மூன்றாம் மாடி அத்தை, "அடியே, உனக்குப் பேச்சு வருமா? இத்தனை வருஷம் ஊமைன்னுல்ல நினைச்சேன்," என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நீட்டினாள்.

அம்மா கடைசி. ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்து, கால்களை வாளித் தண்ணீரில் வைத்திருந்தாள். விரலை அழுத்தினாள். தாளில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது, ரேகை விழவில்லை. மறுபடி அழுத்தினோம். பொட்டுதான். சோப்புத் தூளும் ஃபினாயிலும் பதினெட்டு வருஷமாகத் தேய்த்திருந்தன. இப்படி ரேகை தேய்ந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

"விரலும் கைவிட்டுடுச்சா?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை அந்த ஏழு பேரும் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆபீஸுக்கு நேரிலேயே வந்தார்கள். வராந்தா பெஞ்சில் நாலு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் சுவரில் சாய்ந்தார்கள். ஒருத்தி நின்றபடியே தூங்கினாள். கிளார்க் ஒவ்வொருவரையும் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்தார். அம்மா முறை வந்ததும் பழைய மனுவை எடுத்துக் காட்டினார்.

"இதைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என் பொண்ணு," என்றாள் அம்மா.

"எழுத்து நல்லா இருக்கே. படிக்கலையா?"

"சின்னதுங்களைப் பார்த்துக்க ஆளில்லைன்னு நிறுத்திட்டேன். நிறுத்தினது நான். அதான் நானே வந்து நிக்கிறேன்."

கிளார்க் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி எடுத்து மனுவில் குத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து சாவி வந்தது.

திரும்பி வந்து எல்லோரும் அறை வாசலில் நின்றோம். பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. சாவி நுழைந்தது, திரும்பவில்லை. மாடியேறி எண்ணெய் எடுத்துவர ஒருவருக்கும் தெம்பில்லை.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்று மைக் அக்கா சாவியை என் கையில் வைத்தாள். "எண்ணெய் கேட்டு நீயே கதவைத் தட்டு. அதான் இப்ப வாய் வந்துடுச்சே."

அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய மதிய ஷிஃப்டுக்கு அரைமணிதான் இருந்தது.