தேநீர்க் கல்யாணம்

அந்த ஒரு குறுநாவலைப் படமாக்க இயக்குநர் ரோதியோன் கார்ப்பொவிச் பதினோரு வருஷம் காத்திருந்தார். அதற்குள் மேலிடம் கைகாட்டிய, எப்போதோ செத்துப்போனவர்கள் எழுதிய ஆறு பழைய நாவல்களைப் படமாக்கிக் கொடுத்தாயிற்று. லெனின்கிராத் ஸ்டுடியோ காண்டீனில் அவருக்குக் 'கல்லறைக் காவல்காரர்' என்று பட்டப்பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஒருவழியாக அனுமதி வந்தது. கதையில் ஒரு குமாஸ்தா, மகள் கல்யாணத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, மேலதிகாரி வாங்கும் லஞ்சத்தைச் சபையில் போட்டு உடைக்கிறான். வேலையும் போகிறது, சம்பந்தமும் முறிகிறது.

படப்பிடிப்புக்கு ஒன்பது நாள் இருக்கையில் நாடெங்கும் குடிக்கு எதிரான ஆணை வந்தது. திரைக்கதையைச் சரிபார்க்கும் எல்விரா தராசொவ்னா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"கோபப்படாதீங்க, ரோதியோன் கார்ப்பொவிச். கல்யாணத்துல ஓட்கா கூடாதாம்."

"வேற என்னத்தக் குடிக்கிறது?"

"டீ."

"டீயக் குடிச்சா அந்தாளு அப்படி உளறுவானா?"

"மனக்கஷ்டம்னு வெச்சுக்கலாமே."

மாஸ்கோவுக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்: ஆணை ஆணைதான். கடைசியில் கல்யாண மேஜை நடுவே, ஓட்கா புட்டிகளுக்குப் பதிலாக, டீ கொதிக்கும் சமோவாரை வைத்தார்.

"கார்ப்பொவிச், இது ஏழாவது கிளாஸ்," என்றார் குமாஸ்தாவாக நடித்த கிழவர் புரோஹர். "தள்ளாட வரல, ஒண்ணுக்குத்தான் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். ரோதியோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குமாஸ்தா பின்கட்டுக்குப் போய், வாயைத் துடைத்தபடி திரும்புவதாக ஒரு காட்சி எடுத்தார். அதையும் வெட்டிவிட்டார்கள்.

வோலக்தாவில் ஒரு மன்றத்தில் படம் ஓடியது. முடிந்ததும் மேடையிலிருந்த ரோதியோனிடம் கேள்வி நேரம். தபால்காரி ஒருத்தி எழுந்தாள்.

"அந்த மனுஷன் டீயக் குடிச்சிட்டு ஏன் பைத்தியம் மாதிரி ஆடறான்? நீங்க கதையப் படிச்சீங்களா, இல்லையா?"

வரி வரியாய் மனப்பாடம் அவருக்கு. பக்கத்தில் மாவட்டக் கலாசார அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னுதுதான்," என்று சொல்லி வைத்தார்.

மனசு ஆறவில்லை. வாசலில் அவளைப் பிடித்து, வெட்டுப்படாத திரைக்கதையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் நின்றபடியே கல்யாணக் காட்சியைப் படித்தாள். முகம் மாறியது.

"நல்லாத்தானே இருக்கு! இத எங்கிட்டக் காட்டி என்னய்யா பிரயோஜனம்? அங்க, திரையிலல்லவா காட்டியிருக்கணும்!"

காகிதங்களை அவர் கையில் திணித்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஆறு மணிக்கு ரயில்வே மன்றத்தில் அதே படம். அவர் அங்கேயும் போய்ப் பேசியாக வேண்டும்.