குசினி யன்னலில் தெரிந்த இடது கை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் குசினி யன்னலில் பிறந்தது. யன்னலை அந்த இடத்தில் வைத்தவர் வீட்டைக் கட்டிய மேசன். அதற்கு நேரெதிரே பெண்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தை வைத்தது யாரென்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, நீல உடுப்புப் போட்ட பதினெட்டுச் சாரணிப் பிள்ளைகள் விசிலுக்கு அங்கே வரிசையாக நிற்பார்கள். அதே மூன்று மணிக்குத்தான் எங்கள் வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணீர் போட வேண்டும். பால் காயும்வரை ஒருத்தி எங்கே பார்ப்பாள்? சுவரையா?

வீட்டுக்காரர் பெயர் சிற்றம்பலம். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். இந்தக் கதையில் அவருக்கு வேலை கிடையாது. கச்சேரியிலும் பெரிதாக… [இந்த வசனத்தை இங்கேயே விடுகிறேன். அவர் இதைப் படிப்பார்.]

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"நமுனுகுல மலையை மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல…" அடித்துவிட்டேன். அன்று பனியே இல்லை, மண்டை பிளக்கும் வெயில். மலைநாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனை தன்பாட்டில் பனியைக் கொட்டுகிறது.

"அவள் பெயர் மரியகொரட்டி. அவளுடைய கண்களில்…" கண்களில் என்ன இருந்ததென்று எனக்கெப்படித் தெரியும்? என் யன்னலுக்கும் அவள் கண்ணுக்கும் இடையே நூற்றெண்பது அடி, அறுபது யார் தூரம்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு, ஜூன் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பதுளையில் ஒரு கை நீட்டப்பட்டது." இது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். இருக்கட்டும். கை நீட்டப்பட்டது உண்மை.

2

மரியகொரட்டிக்குப் பதின்மூன்று வயது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவளுடைய அப்பா மத்தேயு கங்காணி. கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் பஸ் ஏறாத மனிதர். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால், மகளைப் படிக்கவைக்கப் பதுளையில் தன் தங்கை றோசாலி வீட்டில் விட்டிருந்தார். றோசாலி தையல்காரி, எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு செவ்வரத்தை வேலி. வேலியில் ஒரு ஓட்டை. நான் வெட்டியதல்ல. தானாக விழுந்ததுமல்ல.

அடுத்தவர் லீலாதேவி ரீச்சர், சாரணிகளின் தலைவி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கம். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குத் தகராறு. ஒருமுறை எழுதியபோது சேலை மடிப்புக் கலையாத தேவதையாக வந்து நின்றார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொருமுறை எழுதியபோது மூக்கை மேலே தூக்கி நடக்கும் திமிர்க்காரியாக வந்தார், பேனை சுகமாக ஓடியது. பிறகுதான் காரணம் விளங்கியது. எங்கள் வீட்டு இடியப்ப உரலை வாங்கிக்கொண்டு போய் எட்டு மாதமாகத் திருப்பித் தரவில்லை. இடியப்ப உரலை மறந்துவிட்டு ஒரு மனுசியை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

உரலை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன். அந்தப் பதினெட்டுப் பேரும் டாக்டர், ஓவசியர், கிளாக்கர் என்று உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். அவ்வருடம் புதிதாக மூன்று பேரைச் சேர்ப்பதென்று ரீச்சர் முடிவெடுத்தார். ஒருத்தி டாக்டரின் மகள். ஒருத்தி கடைவீதி லரீபா. மூன்றாவது மரியகொரட்டி. தோட்டத்துப் பிள்ளையொன்று அந்த வரிசையில் நிற்கப்போவது அதுதான் முதல் தடவை.

"புதுச் சிநேகிதியள் வருகினம். அவையளை வரவேற்கிறது உங்கட பொறுப்பு, விளங்குதோ?" என்று ரீச்சர் பிள்ளைகளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் குரலுக்கு யன்னலே தேவையில்லை.

3

வரவேற்பு நாள். புதியவர்கள் மூவரும் முன்னால் வந்து நின்றார்கள். முதலாவதாக மரியகொரட்டி. றோசாலி சொல்லிக்கொடுத்திருப்பாள், பிள்ளை மரியாதையாக வலது கையை நீட்டினாள்.

ரீச்சர் தலையை ஆட்டினார். தன் இடது கையை நீட்டினார்.

பிள்ளையின் வலது கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது…

ஸ்ஸ்ஸ். பால் பொங்கிவிட்டது.

சட்டியை இறக்கி, அடுப்பைத் திட்டி, கையைக் கழுவிவிட்டு நான் திரும்பி வந்தபோது கைகொடுப்பெல்லாம் முடிந்துவிட்டது. வட்டமாக நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். [இந்த 'அவ்வளவுதான்' என்பதன் கீழே தயவுசெய்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.]

4

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மத்தேயு பஸ்ஸில் வந்து இறங்கினார். றோசாலியின் வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது, வந்தது விருந்துக்கில்லை. நான் அந்நேரம் தற்செயலாகச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.*

"அண்ணே, மொதல்ல ஒக்காருங்க. தேத்தண்ணி குடிங்க."

"தேத்தண்ணியெல்லாம் அப்புறம். எம்புள்ளைக்கு எடது கையக் குடுத்தாங்களா இல்லியா? அதச் சொல்லு."

"குடுத்தாங்கப்பா," என்றாள் மரியகொரட்டி. "எல்லாருக்கும் அப்பிடித்தான். டாக்டர் மகளுக்கும் எடது கைதான். சாரணர்ல அதாம்பா வழக்கம்."

"எடது கையால எதக் குடுத்தா மரியாத? பங்குச் சாமி பூசையில எடது கையாலயா நன்ம குடுக்குறாரு?"

"அந்தக் காலத்துல சண்டைக்காரங்க எடது கையில கேடயம் வச்சிருப்பாங்களாம். அதக் கீழ போட்டாத்தான் அந்தக் கையக் குடுக்க முடியுமாம். ஒன்ன நம்புறேன்னு அர்த்தம்பா. டீச்சர் சொன்னாங்க."

"நம்ம கையில எந்தக் காலத்துல கேடயம் இருந்திச்சு? தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்திதான் இருந்திச்சு. கீழ போடுன்னா அதத்தான் போடணும்."

றோசாலி சிரித்துவிட்டாள்.

"பல்லக் காட்டாத. நாட்டுக்குக் கடம செய்வேன்னு சத்தியம் வேற பண்ணணுமாம். எந்த நாடுன்னு கேட்டியா? பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு மூணு வருசம். எனக்கே இன்னும் பதில் வரல."

[இதைப்பற்றி அன்றிரவு எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உமக்கேன் அது?" என்றார். கச்சேரிக்காரர்களின் விளக்கம் எப்போதும் சுருக்கமாக இருக்கும்.]

"சரிண்ணே, வழக்கம்னு புள்ளதான் சொல்லுதே," என்று றோசாலி இழுத்தாள்.

"குடுத்த கைய அந்தம்மா முந்தானையில தொடச்சாங்களாமே. அதுவும் வழக்கமா?"

நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன்.

"தொடைக்கலப்பா."

"நேர்ல பாத்தவங்க சொல்லியிருக்காங்க. நீ எனக்காவ மறைக்கிற. நாளைக்கி மூணேகால் பஸ்சு. பொட்டியக் கட்டு. கையத் தொடைக்கிற ஊர்ல எம்புள்ள படிக்க வேணாம்."

பொட்டியைக் கட்டினால் சாரணி உடுப்பு மட்டுமா போகும்? பள்ளிக்கூடமும் போகும். தோட்டத்தில் ஆறாம் வகுப்பு இல்லை.

* மூன்று வாளி. அந்தச் செடி அந்த வாரமே அழுகிவிட்டது.

5

நேரில் பார்த்தவர் யார்? நீங்கள் முதலாம் பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். தெரியாதவர்போல் இருக்க வேண்டாம்.

வரவேற்பு முடிந்த திங்கட்கிழமை சீலை மூட்டையோடு லத்தீப் நானா வந்தார். பதுளையில் வீடு வீடாக விற்றுவிட்டு, செவ்வாய்க்கிழமை பசறை வழியாகத் தோட்டங்களுக்கு ஏறுவார். அவர் விரித்த சேலை எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா அனுப்பவும் மனமில்லை. அதனால் சொன்னேன்: "கேட்டீங்களோ நானா, எங்கட பெரிய ரீச்சர் தோட்டத்துப் பிள்ளைக்கு இடது கையைக் குடுத்தவ."

"அப்பிடியா தங்கச்சி? பொறகு?"

அந்தப் 'பொறகு?' இருக்கிறதே, கதை சொல்பவளுக்கு அதைவிட ஆபத்தான சொல் கிடையாது. என்னிடம் பிறகு என்று ஒன்றும் இல்லை. பிறகு நடந்த நேரத்தில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நானா சேலையை மடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்ய?

"பிறகென்ன, கையை முந்தானையிலை துடைச்சா."

இதுதான் இந்தக் கதையின் முதல் பிரதி. இரண்டே வசனம். நீங்கள் இப்போது படிப்பது திருத்திய பதிப்பு.

யோசித்துப் பாருங்கள். இடது கை உண்மை. உண்மையை விளக்கிவிடலாம், அந்தப் பிள்ளை அழகாக விளக்கியும் விட்டாள். முந்தானை நடக்கவேயில்லை. நடக்காத ஒன்றுக்கு அவள் என்ன விளக்கம் சொல்வாள்? நான் எழுதியவற்றிலேயே எல்லோரும் அப்படியே நம்பிய வரி அதுதான். பெருமைப்பட்டிருப்பேன், மத்தேயு செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்க்காவிட்டால்.

6

சனிக்கிழமை காலையில் வேலி ஓட்டை வழியாக மரியகொரட்டி வந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும் பிள்ளை."

"போன சனிக்கெழம நீங்க ஜன்னல்ல இருந்தீங்கதானே?"

"நானோ? நான் ஏன் யன்னலிலை…"

"எப்பவும் இருப்பீங்களே! வரிசையில நிக்கிறப்ப ஒங்களப் பாத்துத்தான் நாங்க நேரா நிப்போம். ஜன்னல்ல அந்தம்மா தலை தெரியிற எடந்தான் நடுவுன்னு டீச்சர் மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க."

[இடியப்ப உரல் விஷயத்தைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.]

"எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் எடது கைன்னு. யாரும் தொடைக்கலன்னு. நேர்ல பாத்தவங்க சொன்னாத்தான் நம்புவேங்கிறாரு. ஒங்கள விட யாரு பாத்திருப்பாங்க?"

என் நிலைமையைப் பாருங்கள். நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது நடக்கவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல வேண்டும்.

"பால் பொங்கிட்டுது, பிள்ளை."

அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

"எப்பங்க?"

"அண்டைக்கு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முறை இடையே அறுபது யார் இல்லை, மூன்றடிதான். அப்படியும் அவள் கண்களில் என்ன இருந்ததென்று எழுத எனக்கு வரவில்லை.

"மூணு மணிக்கு விசிலுங்க. மூணேகாலுக்குப் பஸ்சு," என்றாள். செவ்வரத்தைக் கிளை முறியாதபடி குனிந்து போய்விட்டாள்.

7

முடிவுகள்.

(அ) நான் ஓடிப்போய் மத்தேயுவின் காலில் விழுகிறேன். எனக்கு மூட்டுவலி. விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும், கதை அங்கேயே திசைமாறிவிடும்.

(ஆ) ரீச்சர் தானே வந்து கங்காணியாருக்கு எல்லாவற்றையும் விளக்குகிறார். ரீச்சருக்கு இதெதுவும் தெரியாது. தெரிந்து வந்தால் கையில் இடியப்ப உரலோடு வர வேண்டும். யார் நம்புவார்கள்?

(இ) பெருமழை. பசறை வீதியில் மண்சரிவு. பஸ் ஓடவில்லை. எழுதுகிறவர்களுக்கு வழி தெரியாத இடத்திலெல்லாம் பெய்கிற அதே மழை. வேண்டாம்.

8

நடந்தது இதுதான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம். வழக்கம்போலப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு யன்னலுக்குப் போனேன். மைதானத்தில் இருபது பேர் வரிசையாக நின்றார்கள். வரிசையின் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. அதை யாரும் நெருங்கி அடைக்கவில்லை. டாக்டரின் மகள் ஒரு பக்கமும் லரீபா மறுபக்கமுமாக, அந்த இடத்தைக் காவல்காப்பதுபோல நின்றார்கள். இருபது பேரும் நேராக நிற்பதற்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் யன்னலை விட்டு நகர்ந்தேன். வரிசை கோணலாகியிருக்கும். பரவாயில்லை.

தெருவில் மத்தேயு இடது கையில் தகரப் பெட்டியோடு நின்றார். பின்னால் மகள். அவளுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்தபடி றோசாலி.

"கங்காணியார், லத்தீப் நானாவுக்குச் சொன்னது நான்."

"என்னங்க?"

"ரீச்சர் கையைத் துடைக்கேல்லை. அது நான் வைச்சது."

"வெச்சதுன்னா?"

"கதைக்கு."

"கதைக்கா?" என்றார். "எம்புள்ளைய வச்சா?"

இந்த வரி நான் எந்தப் பிரதியிலும் எழுதாதது.

"மற்றப் பிள்ளையளுக்கு எந்தக் கையைக் குடுத்தவ எண்டு நான் பார்க்கேல்லை," என்றேன். "ஆனா உங்கட மகள் பொய் சொல்லேல்லை. பொய் சொல்லுற ஆளை எனக்கு நல்லாத் தெரியும்."

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் என் இடது கையை நீட்டினேன். பட்டப்பகலில், நடுத்தெருவில், கிளாக்கர் சிற்றம்பலத்தின் மனைவி. எதிர்வீட்டுத் திரை அசைந்தது. [அந்த வீட்டுக்காரி அடுத்தவர் விஷயம் பார்ப்பதில் படுமோசம்.]

மத்தேயு பெட்டியைக் கீழே வைத்தார். தன் இடது கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் கோட்டில் மெதுவாகத் துடைத்தார்.

நான் இட்டுக்கட்டியதை என் கண்முன்னால் ஒரு மனிதர் செய்கிறார். கொடுப்பதற்கு முன் துடைப்பதும் உண்டு, கொடுக்க மனமில்லாமல் துடைப்பதும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மைதானத்தில் விசில் ஊதியது. அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் ஸ்ஸ்ஸ் என்று பால் பொங்கியது.

இந்த முறை நான் திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுதாகப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்லப்போவதில்லை.

திங்கட்கிழமை லத்தீப் நானா வந்து, மூட்டையைக்கூட அவிழ்க்காமல், "பொறகு தங்கச்சி?" என்றார். ஒரு சட்டைத்துணி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். நீங்களும் இப்போது அதையேதான் கேட்கிறீர்கள். உங்களுக்கு வேண்டுமானால் அடிப்பிடித்த பால்சட்டியைக் காட்டுகிறேன், இன்னும் வெளுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது றோசாலி வீட்டுக் கொடியில் ஒரு சின்ன உடுப்பு காய்கிறது. என் யன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. நிறத்தை மட்டும் கேட்காதீர்கள்.