விருது வாங்கிய அம்மாவுக்கு உள்ளே இடமில்லை

மருத்துவச்சிகள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கும். பிரசவம் நன்றாகப் பார்த்ததற்கு அல்ல. அதை யார் கண்டுகொள்கிறார்கள்? பிரசவ அறைக்காக அரசாங்கத்தின் காதைத் திருகி ஒரு சட்டத்தைக் கொண்டுவர வைத்தவருக்கு அந்த விருது. இந்த ஆண்டு அது சட்டக்காவுக்கு. அவள் மருத்துவச்சியாக இருக்கும் பிரசவ வார்டில் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

கேடயத்தை எடுத்துக் கொடுத்தவர் அமைச்சர். இதே மனிதர்தான் அவளைப் பல வருஷம் தன் அறை வாசலில் தேவுடு காக்க வைத்தவர். இப்போது "நாங்க கொண்டு வந்த சட்டம்" என்று வாய் கூசாமல் பேசினார். சட்டம் வந்துவிட்டது, பெருமை யாருக்குப் போனால் என்ன என்று சட்டக்கா மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

சட்டம் இதுதான்: பிரசவ அறைக்குள் யார் இருக்கலாம் என்பதைப் பிரசவிக்கிறவள்தான் சொல்வாள். அவள் சொல்லாத யாரும், பெற்ற தாயே ஆனாலும், வெளியே. மாமியார் உள்ளே உட்கார்ந்து நாட்டாமை செய்வதும், பெரிய டாக்டர் ஒரு பட்டாளத்தோடு வந்து வேடிக்கை பார்ப்பதும் இனி செல்லாது. அதிகாரிகள் நைசாக "மருத்துவமனை ஊழியர்கள் நீங்கலாக" என்று ஒரு வரியைச் செருகிப் பார்த்தார்கள். சட்டக்கா ஒற்றைக் காலில் நின்று அதை அடித்து நீக்க வைத்தாள். "ஊழியர்னா வானத்துல இருந்து குதிச்சாங்களா?" என்று அவள் கேட்டதைச் சங்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஏற்புரையில் அவள் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டாள். "என் பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு. எத்தனையோ பேரோட பிள்ளைங்கள வாங்கின கை இது. என் பேரப்பிள்ளையையும் இந்தக் கைதான் முதல்ல வாங்கப் போகுது." மண்டபமே கைதட்டியது. அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தொழில் அப்படி.

மகளிடம் இதைக் கேட்டிருந்தாளா என்றால், கேட்டிருந்தாள். "பாக்கலாம்மா" என்று மகள் சொல்லியிருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது அம்மாவின் தாராள மனசு. புதுக் கையுறைகூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

மேடையை விட்டு இறங்கி வாயில் காபியை வைக்கும்போது மருமகன் போன் செய்தான். "அத்தை, வலி வந்துடுச்சு. உங்க ஆஸ்பத்திரிக்கே வந்துட்டோம்." சட்டக்கா கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

பிரசவ அறை வாசலில் தலைமைச் செவிலி நின்றாள். சங்கத்தில் இவளோடு சேர்ந்து கோஷம் போட்டவள்.

"நகருடி, கை கழுவணும்."

"அக்கா... உங்க பேர சொல்லல."

"யாரு சொல்லல?"

"உங்க பொண்ணுதான். கூட இருக்க மாப்பிள்ளைய சொல்லியிருக்கா. பிரசவம் பாக்க உங்ககூட வேலை பாக்குற நெட்டையம்மாவ."

"நான் அவ அம்மாடி!"

"பெத்த தாயே ஆனாலும்னு எழுத வச்சது யாருக்கா?"

"சரி, அம்மா வேண்டாம். நான் இங்க வேலை பாக்குறவ!"

"அந்த வரியையும் நீங்கதான் அடிக்க வச்சீங்க." சொல்லும்போது தலைமைச் செவிலிக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை.

கதவு லேசாகத் திறந்தது. வலிக்கும் வலிக்கும் நடுவில் மகளின் குரல் வந்தது.

"அம்மா, கோச்சுக்காத. நீ உள்ள வந்தா நான் உனக்கு இன்னொரு கேஸ் ஆயிடுவேன். கத்தாத, வார்டு மானத்த வாங்காதன்னு அதட்டுவ. எனக்கு இன்னிக்கு நல்லா கத்தணும்மா. நீ வெளில அம்மாவா இரு."

கதவு சாத்திக்கொண்டது. சட்டக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். சொன்னதெல்லாம் நிஜம் என்பதால் அழத்தான் முடிந்தது.

வராந்தா பெஞ்சில் ஏற்கெனவே ஒரு அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் அவளுடைய மருமகள்.

"என்னையும் வெளில தள்ளிட்டாங்க. எந்த மகராசி போட்ட சட்டமோ! அவளுக்கெல்லாம் சொந்தமா ஒரு பொண்ணு இருந்திருந்தா தெரியும்."

"இருக்குன்னுதான் கேள்வி" என்றபடி சட்டக்கா கேடயத்தைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

நேரம் போனது. உள்ளே மகள் ஆசைப்பட்டபடி கத்தினாள். ஒவ்வொரு கத்தலுக்கும் சட்டக்காவின் கை தானாக எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல் மடியில் விழுந்தது. திடீரென்று ஒரு குழந்தை வீறிட்டது. அவள் துள்ளி எழுந்தாள். இந்த அறையா, பக்கத்து அறையா? உள்ளே இருந்திருந்தால் ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்திருக்கும். இங்கே சாத்திய கதவுதான் தெரிந்தது.

பக்கத்திலிருந்தவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நம்ம குழந்தையாங்க? நல்லா இருக்குமா? என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பதறாதீங்க. பிரசவம்னா இப்படித்தான். உங்களுக்கு இது முதல் தடவையா?"

"ஆமாங்க" என்றாள் சட்டக்கா. "முதல் தடவை."