மறந்துபோன இடைவேளை

சந்திரகுமார் அன்று இடைவேளை விட மறந்துபோனான். கண்டியில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டுகிற அவனுக்கு இருந்த வேலையே இரண்டுதான்: படத்தைப் போடுவது, பாதியில் நிறுத்துவது. கதாநாயகியின் அம்மா செத்துப்போன இடத்தில் தேம்பித் தேம்பி அழுததில் இரண்டாவது வேலை நழுவிவிட்டது. சனமும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை. படம் முடிந்ததும் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள்.

கீழே கன்டீனில், கைபடாத ரோல்ஸுக்கும் வடைக்கும் பின்னால் பிரேமிளா நின்றாள்.

முதலாளி பொன்னுத்துரை மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

"நான் என்ன யாவாரம்டா பண்றேன்?"

"படம் ஓட்டுறீங்க, முதலாளி."

"டிக்கட் காசுல பெரும்பங்க படக்காரன் கொண்டுபோயிடுறான். மிச்சம் கரண்ட் பில்லுக்கே பத்தாது. நான் ரோல்ஸ் விக்கிறேன்டா! சனத்துக்குப் பசி எடுக்குற வரைக்கும் ஒக்கார வைக்கத்தான் படம்!"

முதலாளியின் கோபம் அவனுக்குப் பழகியது. பிரேமிளாவின் கோபத்துக்குத்தான் அவன் பயந்தான். ஹந்தானையில் இருக்கும் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வரவா என்று கேட்கும்போதெல்லாம், "மீன் ரோல்ஸா, முட்டை ரோல்ஸா?" என்றுதான் அவள் திருப்பிக் கேட்பாள். அவனும் ஒன்றைத் தின்றுவிட்டு மேலே போவான். காதலில் இதுவரை அவன் கண்ட முன்னேற்றம் இடுப்பில்தான். இனி அதுவும் போச்சு.

பரிகாரமாக, அடுத்த காட்சியில் இரண்டு இடைவேளை விட்டான். முதலாவது முறைப்படி. இரண்டாவது, கதாநாயகன் வில்லன் மேல் பாய்ந்து அந்தரத்தில் நிற்கும்போது.

"டேய் ஒப்பரேட்டர், அவன எறக்கி விடுடா!" என்று பல்கனியே அலறியது.

திட்டிக்கொண்டே வெளியே வந்தவர்கள் வடை வாசத்தில் அப்படியே நின்றார்கள். தட்டுகள் காலியாயின.

படம் விட்டதும் அவன் பயந்து பயந்து இறங்கி வந்தான்.

"கோவமா, பிரேமிளா?"

"மத்தியானம் கொன்னு போடலாம்னு இருந்துச்சு. ரெண்டாந்தரம் லைட்டு எரிஞ்சதும் சிரிப்பு வந்துருச்சு. யாருக்காகப் பண்ணுனீங்க? எனக்கா, முதலாளிக்கா?"

"வேல போயிரும்னு பயமும் இருந்துச்சு," என்றான். பொய் அவனுக்கு வராது. "ஆனா ஒங்க மொகந்தான் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு. அம்மாவக் கூட்டிக்கிட்டு வரவா?"

பிரேமிளா கை துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"வாங்க. திங்கக்கிழம காலையில. அப்பாகிட்ட போன மாசமே சொல்லிட்டேன்."