மாடிப்படிக்குக் கீழே ஒரு பாட்டில்

அக்காவின் பத்தாவது கல்யாண நாளுக்காக அத்தான் வாங்கிய பழைய வைன் பாட்டிலைப் பாதுகாப்பது என் பொறுப்பு. நான் போகும் ஹோட்டல் தொழில் மாலை வகுப்பில் சொன்னபடி, கார்க் காய்ந்துவிடாமல் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், கதவைச் சாத்தி, இருட்டில் படுக்க வைத்தேன். சரியாகத்தான் வைத்தேனா என்ற சந்தேகத்தில் தினமும் அதை வெளியே எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, வெப்பநிலையை டைரியில் குறித்தேன்.

நேற்று அக்கா கையும் களவுமாகப் பிடித்தாள். தினமும் புரட்டியதில் உள்ளே வண்டல் கலங்கியிருந்தது.

“ஏன்டா, தூங்குற பிள்ளைய எழுப்பி, தூங்கிட்டியான்னு கேப்பியா?”

“கெட்டுப்போச்சாக்கா?”

“ரெண்டு நாள் நிக்க வச்சா வண்டல் அடியில தங்கிடும். நீ கை வைக்காம இருந்தா.”

கல்யாண நாள் நாளைக்கு. இன்று வெப்பநிலை எழுதும் இடத்தில், ‘கதவு சாத்தியிருக்கிறது’ என்று மட்டும் எழுதினேன்.