வாசலை மறித்த பெரியப்பா

ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து ஆடும் கணினிச் சண்டை விளையாட்டில் யாராவது பாதியில் கழன்றுகொண்டால், அந்த இடத்தில் தானாக இறங்கி ஆடும் மென்பொருள் வீரன் ஒன்றை அவன் உருவாக்கிக்கொண்டிருந்தான். கூட்டாளிகள் எவ்வளவு குறைவாகச் சாகிறார்களோ அவ்வளவு மதிப்பெண் என்று மட்டும் விதி வைத்திருந்தான். மீதியை அது ஆடி ஆடித் தானே கற்றுக்கொள்ளும்.

அன்றைய சோதனையில் அதனுடன் நான்கு பேர் ஆடினார்கள். அவர்களில் ஒருத்தி அவன் தங்கை. அவன் நிறுவனத்திலேயே விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. அணியில் அதிகம் சாகிறவள் அவள்தான் என்பதை வீரன் எப்படியோ மோப்பம் பிடித்திருந்தது. ஆட்டம் தொடங்கியதும் தங்கள் அணியின் கோட்டை வாசலில் அவளுக்குக் குறுக்கே நின்றுகொண்டது. அவள் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம். கடைசிவரை அவள் ஓர் அம்புகூட விடவில்லை. அணி ஜெயித்தது, ஒருவரும் சாகவில்லை.

கூட ஆடியவர்களில் ஒருவர், விளையாட்டுக்குப் படம் வரைபவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது வீரன் இல்லப்பா, பெரியப்பா. பொண்ண வெளிய விடமாட்டாரு."

பெயர் ஒட்டிக்கொண்டது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

"நான் சாகல, சரி. ஆனா ஆடவும் இல்லையேண்ணா."

அவனுக்குக் காது சுட்டது. கடல் கடந்து திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளை அனுப்பலாமா என்று மேலாளர் போன வாரம் அவனைத்தான் கேட்டார். பாவம், தனியாகத் திண்டாடுவாள், இந்தத் தடவை வேண்டாம் என்று சொன்னவன் அவன். என்னிடம் என்ன குறை என்று அவள் வீட்டில் புலம்பியபோது பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவனும் அவனே.

அவளையே அனுப்பச் சொல்லலாம் என்று எழுந்து மேலாளர் அறைக்குப் போனான். நேற்றே வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்றார் அவர். அண்ணனே சொன்ன பிறகு யோசிக்க என்ன இருந்தது என்றும் கேட்டார்.

திரும்பி வந்தபோது மற்றவர்கள் கலைந்திருந்தார்கள். தங்கை திரைமுன் இருந்தாள். கிளைக்கு அவளை அனுப்ப வேண்டாம் என்று தடுத்தது தான்தான் என்று நின்றபடியே சொன்னான்.

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்குத் தேறுதல் சொன்னியா?"

மறுபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொதல்ல அத வாசல்லேர்ந்து எடு."

வீரனை நிறுத்தினான். திரையில் அவள் கோட்டைக்கு வெளியே ஓடினாள். வாசல் தாண்டியதும் செத்தாள். மறுபடி ஓடினாள். மறுபடி செத்தாள். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரக் கூச்சமாக இருந்தது அவனுக்கு.