எலோயின் ரியோஹா

எலோய் ஏப்ரலில் செத்தான். சரிவில் இருந்த திராட்சைத் தோட்டத்தை உழுதுகொண்டிருந்தபோது டிராக்டர் ஒருக்களித்து அவன் மேலேயே படுத்துவிட்டது. ரெக்கேனாவைச் சுற்றியுள்ள ஊர்களில் வருஷத்துக்கு ஒருவராவது இப்படிப் போவதுண்டு. அதனால் யாரும் எப்படி என்று கேட்கவில்லை. எந்தச் சரிவு என்றுதான் கேட்டார்கள்.

அவன் பெண்டாட்டி கசில்தா அழவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு உரித்தாள். மறுநாளும் உரித்தாள். அதற்கப்புறம் அவள் நாக்கு செத்துப்போனது போல ஆகிவிட்டது. உப்போ புளிப்போ எதுவும் உறைக்கவில்லை. பழக்கத்தில் கை குழம்பில் உப்பைப் போட்டது, அது சரியாகவே இருந்தது. சாப்பிட வந்தவர்கள் தட்டை வழித்துவிட்டுப் போனார்கள். வாசலில் நின்று, "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதில் விழுந்தது. விழுந்து அங்கேயே கிடந்தது.

எலோயும் அவளும் நடத்திய சாப்பாட்டுக் கடை பழைய நெடுஞ்சாலையில் இருந்தது. புதுச் சாலை போட்ட பிறகு தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள்: லாரி ஓட்டுபவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், கொத்தனார்கள். மத்தியானச் சாப்பாடு ஒரே விலை. ரொட்டி, ஒயின், கடைசியில் இனிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். மேஜைக்கு மேஜை புது பாட்டில் உடைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. தக்கையைப் பாதி செருகிய பாட்டில் வரும். ஒருவர் எழுந்தால் பக்கத்து மேஜைக்குப் போகும். பாட்டில் மேல் ஒயினுக்குப் பேர் பெற்ற ரியோஹா பிரதேசத்தின் பெயர் தங்க எழுத்தில் இருந்தால் போதும், வந்தவர்களுக்குத் திருப்தி.

எலோயின் ரியோஹாவுக்கு அந்தச் சாலை முழுக்கப் பேர் இருந்தது. "மூணு பங்கு காசு வாங்குற கடையில கூட இப்படி ஊத்த மாட்டான்" என்று லெயாந்த்ரோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவன் கூட்டுறவுச் சங்கத்து டேங்கர் லாரி ஓட்டுகிறவன். அந்த ஊரில் விளைவது பொபல் என்ற கறுப்புத் திராட்சை. அதிலிருந்து எடுத்த ஒயினை வெளுத்த ஒயினுக்குச் சாயம் ஏற்ற வெளியூர்க்காரர்கள் டேங்கர் கணக்கில் வாங்கிப் போவார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பறிப்பார்கள், எடை போடுவார்கள், விற்பார்கள். நாலு பேர் முன்னால் குடிக்க மாட்டார்கள்.

ஆகஸ்டில் எலோய் வைத்துவிட்டுப் போன பாட்டில்கள் தீர்ந்தன. அதே வாரம் அவன் தங்கை என்கார்னா வலென்சியாவிலிருந்து வந்தாள். கடையில் பாதி அவளுடையது. கைப்பையை மடியிலிருந்து இறக்காமலே பேசினாள்.

"அண்ணி, சமையல்ல நான் வாயே தொறக்க மாட்டேன். ஆனா ஜனம் வந்தது எங்கண்ணன் ஒயினுக்கு. அது உங்களுக்குத் தெரியாது. பெட்ரோல் பங்க்காரர் கடைய விலைக்குக் கேக்குறாரு."

"சரி" என்றாள் கசில்தா.

"என்ன சரி? விக்கலாம்ங்கிறீங்களா?"

"கேக்குறாருன்னு சொன்னே. சரின்னேன்."

என்கார்னா பெருமூச்சு விட்டாள். "அறுவடை முடிஞ்சதும் சங்கத்து ஆளுங்க விருந்து இங்கதானே நடக்கும்? நானும் வர்றேன். ஒயினைப் பத்தி யாரும் மொணமொணக்கலேன்னா கடை உங்களோடது, பேரை எழுதித் தர்றேன். மொணமொணத்தா வித்துடலாம். அதுக்கு மேல என்னால இழுத்துட்டிருக்க முடியாது."

கடை வேண்டுமா என்று கசில்தா தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவள் கால்கள் அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் நடந்து பழகியவை. வேறு எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் குடியிருந்ததும் கடை மாடியில்தான்.

மறுநாள் ரெக்கேனாவுக்குப் போய், அதே தங்க எழுத்துப் போட்ட பாட்டிலாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி வந்தாள். லெயாந்த்ரோ ஒரு வாய் குடித்தான். பாட்டிலைப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"கசில்தா, இது எது?"

"அதேதான். பேரைப் படி."

"பேரு சரிதான், சரக்கு வேற. யாரோ பலகைய ஊற வச்சிருக்கானுங்க இதுல."

"எலோய் ஆள் பாத்து வாங்குவான்" என்றார் பக்கத்து மேஜைக் கொத்தனார். "உன் தலையில கழிச்சதைக் கட்டிட்டானுங்க."

அன்றைக்குப் பாட்டில்கள் பாதிக்கு மேல் மிஞ்சின. குடித்தவர்களும் சோடாவை ஊற்றித்தான் குடித்தார்கள்.

சமையலறையில் கூடமாட வேலை செய்த டோய்னா ருமேனியாக்காரி. பழம் பறிக்க வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். "முதலாளியம்மா, ஒயினைத் தேடணும்னா குடிச்சுத்தான் பாக்கணும்" என்றாள். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தா அதுவா வந்து கதவைத் தட்டுமா?"

அதிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டின் கீழ்த்தட்டில் கிடக்கும் மலிவு பாட்டில்கள் இரண்டு, பானையில் மிஞ்சிய பருப்பு, பன்றிக்கால் துண்டு.

சிறுவயதில் கசில்தாவும் பழம் பறித்தவள்தான். கொடி வரிசையில் நிற்கும்போது நீள மூக்கு வைத்த கண்ணாடிக் கெண்டி கை மாறி வரும். தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்தால் ஒயின் நேராகத் தொண்டையில் விழும். நாக்குக்கே அதில் பெரிய வேலை இல்லை, மூக்குக்குச் சுத்தமாக இல்லை. இத்தனை வயசுக்கும் அவள் ஒயினை முகர்ந்து பார்த்ததே கிடையாது.

"மூக்கை உள்ள விடுங்க" என்றாள் டோய்னா. "இன்னும் உள்ள. வாசல்லயே நின்னு எட்டிப் பாக்காதீங்க."

கசில்தா விட்டாள். ஒன்றும் வரவில்லை. குடித்தாள். ஒயின் வந்தது, ஈரமாக இருந்தது, போனது.

வாயில் ஏறாதது கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தியில் ஏறியது. பாட்டிலில் பெரிதாகப் போட்டிருக்கும் வார்த்தைகள் ஒயின் பீப்பாயில் எத்தனை காலம் கிடந்தது என்பதைத்தான் சொல்கின்றன, நல்லது கெட்டதை அல்ல. "ரொம்ப நாள் படுத்துக் கிடந்தவனெல்லாம் பெரிய மனுஷனாயிடுவானா?" என்றாள் டோய்னா. மலிவு ஒயினில் பாட்டிலைச் சுற்றிய தங்கக் கம்பி வலையும் கனத்த பாட்டிலும் பேர் பெற்ற ஊரும் சேர்ந்தால், கொடுக்கும் காசை அவையே தின்றுவிடும். சாற்றுக்கு மிச்சமிராது. யாரும் கேட்காத ஊரின் இளசான ஒயின் அதே காசுக்கு இதைவிட மேல். ஆனால் இளசு என்றால் போன வருஷத்ததாக இருக்க வேண்டும், மூலையில் நாலு வருஷம் தூங்கியது உதவாது. வெறும் வாயில் இனித்தது பன்றிக் கொழுப்புக்கு முன்னால் தண்ணீராகிவிடும். வெறும் வாயில் கடித்தது கறியோடு சமாதானமாகிவிடும். இவ்வளவையும் கசில்தா டோய்னாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"எல்லா ஊரையும் குடிச்சாச்சு. இந்த ஊரு மட்டும் பாக்கி" என்றாள் டோய்னா ஒருநாள்.

"பொபலா? அதை யாரு குடிப்பா?"

"நான் குடிக்கிறேனே! எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை வேற என்ன இருக்கும்னு நெனச்சீங்க?"

சங்கத்தில் எடைமேடைக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. காற்றெல்லாம் நசுங்கிய பழம். தொட்டிக் குழாயடியில் சபாஸ் நின்றான். ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து கேன் கொண்டுவந்தால் ஊற்றிக் கொடுப்பவன் அவன். கசில்தாவைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாம்மா. எலோய் போனதுக்கப்புறம் யாரும் வரலையேன்னு பாத்தேன். நாலாம் நம்பர் தொட்டிதானே?"

"என்ன நாலாம் நம்பர்?"

"அவன் எப்பவும் புடிக்கிறது. சனிக்கிழமை தவறாம வருவான். அவன் கேனுங்க கூட இங்கதான் கெடக்கு. எதுக்குடா இவ்வளவுன்னு கேட்டா, பொண்டாட்டி குழம்புக்கு ஊத்துறாம்பான். அவ்வளவு குழம்பாம்மா வைக்கிறே நீ?"

கசில்தா கேன்களைப் பார்த்தாள். அவளுடைய சமையலறைக் கேன்கள்தான். தொலைந்துபோனதாக எலோய் சொன்னவை.

"ஆமா" என்றாள். "நெறைய வைக்கிறேன்."

ஒரு கேனை நிரப்பிக்கொண்டு வந்தவள் நேராக நிலவறைக்கு இறங்கினாள். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் காலி பாட்டில்கள். எலோய் தங்க எழுத்து நனையாமல், காகிதம் கிழியாமல், பார்த்துப் பார்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தான். மேலே ஒரு பிளாஸ்டிக் புனல். வீட்டில் அவன் ஒரு தட்டைக் கழுவி அவள் பார்த்ததில்லை.

கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. கேனைச் சாய்த்து ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

வாயில் என்னவோ இருந்தது. பழத்தோலைக் கடித்தது போல ஒரு புளிப்பு. பின்னாலேயே ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. மூக்கை உள்ளே விட்டாள். செர்ரிப் பழத்தின் புளித்த வாசனை, அதற்கடியில் ஈர மண். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு அவள் வாயில் தங்கிய முதல் ருசி அது.

மேலே வந்து டோய்னாவிடம் டம்ளரை நீட்டினாள். "இது நல்லாருக்கு" என்றாள். கேன் கதையையும் புனல் கதையையும் சொன்னாள்.

டோய்னா சிரித்துச் சிரித்து வெங்காய மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன? பாட்டில் இருக்கு, புனல் இருக்கு. நான் ஊத்துறேன், நீங்க மேஜையில வைங்க. கடை தப்பிச்சுடும்" என்றாள்.

"பொய் சொல்லவும் தெம்பு வேணும் டோய்னா. எனக்கு இல்ல."

விருந்தன்று கண்ணாடி ஜக்குகளில் ஊற்றி வைத்தாள். பன்றிக்கறியும் கொண்டைக்கடலையும் பெரிய பானையில் கொதித்தன. சங்கத்து ஆட்கள் பழச்சாயம் கழுவியும் போகாத கறுப்பு விரல்களோடு உட்கார்ந்தார்கள். என்கார்னா சமையலறைக் கதவோரம் இடம் பிடித்திருந்தாள்.

"பாட்டில் எங்க அண்ணி?"

"ஜக்குல இருக்கு."

லெயாந்த்ரோ ஜக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இது என்னதும்மா?"

"பொபல். நம்ம சங்கத்துது."

"அடிப்பாவி! நான் டேங்கர்ல ஏத்தி ஊரைவிட்டு அனுப்புறதை எனக்கே திருப்பி ஊத்துறியா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. கறி உப்பாக இருந்ததால் குடித்தார்கள். மறுபடி ஊற்றிக்கொண்டார்கள். கடைசியில் லெயாந்த்ரோ உதட்டைத் துடைத்துத் தீர்ப்புச் சொன்னான்.

"குடிக்கலாம். தப்புச் சொல்ல முடியாது. ஆனா எலோயோட ரியோஹா காலடிக்கு வராது. மட்டச் சரக்குதான்."

"அது வேற, இது வேற" என்று ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். என்கார்னா கரண்டியைக் கீழே வைத்தாள். "காதுல விழுந்துச்சா அண்ணி?"

சபாஸ் மட்டும் தலையாட்டவில்லை. அவனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஜக்கையும் கசில்தாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தான்.

கசில்தா கையில் கறிப்பானையோடு நின்றாள். வாயைத் திறந்தால் கடை தப்பிக்கும், புருஷன் பேர் போகும். திறக்காவிட்டால் அவன் பேர் நிலைக்கும், கடை போகும். இரண்டையும் எடை போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மட்டச் சரக்கு என்று லெயாந்த்ரோ சொன்னது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்று பிடிக்கவில்லை என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"எலோயோட ரியோஹாவும் இதுதான்" என்றாள், குழம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. "சனிக்கிழமை வந்து புடிச்சிட்டுப் போயி பழைய பாட்டில்ல ஊத்தி வச்சான். இவ்வளவு வருஷமா நீங்க குடிச்சது நாலாம் நம்பர் தொட்டி."

"கேனு என்கிட்டதான் கெடக்கு" என்றான் சபாஸ், ரொட்டியைப் பார்த்தபடியே.

லெயாந்த்ரோவின் தோள் முதலில் குலுங்கியது. "திருட்டுப்பய!" என்றான். "ரியோஹா ரியோஹான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே! என் டேங்கரையே எனக்குக் காட்டியிருக்கானே!" மேஜையை ஓங்கிக் குத்தினான். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்குப் புரையேறியது. எலோய் உயிரோடு இருந்த காலத்தில்கூட அவர்களுக்கு அவனை இவ்வளவு பிடித்ததில்லை. "எலோய்க்கு!" என்று டம்ளர்கள் உயர்ந்தன.

கசில்தா பானையை வைக்க உள்ளே போனாள். என்கார்னா எழுந்து பின்னாலேயே சமையலறைக்குள் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"செத்தவனைத் திருடனாக்கிட்டீங்களே அண்ணி."

"அவங்க சிரிக்கிறாங்க."

"நான் சிரிக்கல." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "கடைய நீங்களே வச்சுக்கங்க. சொன்னபடி எழுதித் தந்துடுறேன். இனிமே நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பின்கதவு வழியாகப் போனாள். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. டோய்னா கசில்தாவின் கையைப் பிடித்தாள். "கடை தப்பிச்சுடுச்சு முதலாளியம்மா."

"ஆமா" என்றாள் கசில்தா. சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. "ஜக்கு காலியாயிருக்கும்."

நிரப்பிக்கொண்டு வெளியே வந்தாள். லெயாந்த்ரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரும்மா. நின்னுட்டே இருக்கியே." உட்கார்ந்தாள். யாரோ அவளுக்கும் ஊற்றினார்கள். மூக்கை உள்ளே விட்டுவிட்டுக் குடித்தாள். புளிப்பு இருந்தது. துவர்ப்பும் இருந்தது.

எலோய் ஒருதரம் சங்கத் தலைவரிடமே இது ரியோஹாதான் என்று அடித்துப் பேசிய கதையைச் சபாஸ் ஆரம்பித்திருந்தான். அவளுக்குத் தெரியாத கதை. முன்பின் தெரியாத யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பது போல இருந்தது. சிரிப்பில் சபாஸ் பாதியில் நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?" என்றாள் கசில்தா.